கடற்கொள்ளையர் கதைகள்



கடற்கொள்ளையன் என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்கள் மனக்கண்முன் தோன்றும் உருவம் யாது? ஒரு கண்ணைக் கறுப்புத் துணி மறைத்திருக்கும். ஒரு கால் மரக்காலாய் இருக்கும். தோள்மீது கிளி ஒன்று அமர்ந்திருக்கும். இடையிலே வாளும் துப்பாக்கியும், கையிலே புதையல் இருக்கும் இடத்தைக் குறிக்கும் மங்கிய வரைபடமும் விளங்கும். ஆசிரியப் பணியில் இருந்த காலமெல்லாம் இவ்வினாவை வகுப்பிலே எழுப்பி வந்தேன். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைத் தொழிலாளியின் மகளும், நெய்வேலிச் சுரங்கத்துக்கு நாள்தோறும் சென்று திரும்புவாரின் மகனும், கெடிலக் கரையில் கரும்பு பயிரிடும் உழவரின் பிள்ளையும் ஒரே விடையைத்தான் கூறினர். கடலூர்க் கடலை ஒரு முறையேனும் கண்டிராத பிள்ளைக்கும் அந்தக் கிளி நன்கு தெரிந்திருந்தது!

அந்த உருவத்தில் பெரும்பகுதி ஒரே ஒரு புத்தகத்திலிருந்து பிறந்தது. இராபர்ட் லூயி ஸ்டீவன்சன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு எழுத்தாளர் 1883-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்ட ‘டிரெஷர் ஐலண்ட்’ என்பதே அது. தமிழில் ‘புதையல் தீவு’ என வழங்குவது. அந்நூல் பிறந்த வரலாறே ஒரு கதை. 1881-ஆம் ஆண்டு கோடையில் பிரேமார் என்னும் மலையூரில் ஸ்டீவன்சன் குடும்பத்தோடு தங்கியிருந்தார். கோடை என்பது பெயருக்குத்தான், மழை ஓயவில்லை. வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த சிறுவன் ஒருவன், அவருடைய மனைவியின் முதல் மணத்துப் பிள்ளை லாயிடு, வண்ணந்தீட்டிப் பொழுது போக்கிக் கொண்டிருந்தான். அவனோடு சேர்ந்து ஸ்டீவன்சனும் ஒரு தீவின் படத்தை வரைந்தார். விரிகுடாக்களுக்கும் குன்றுகளுக்கும் பெயரிட்டார். பெயர்களைப் பார்க்கப் பார்க்க அவற்றின் ஊடே மனிதர்கள் நடமாடத் தொடங்கினர். முதலில் பிறந்தது படம். கதை அதன் பின்னரே பிறந்தது. நாளுக்கு ஓர் அதிகாரமாகப் பதினைந்து நாளில் பதினைந்து அதிகாரங்களை எழுதி முடித்தார். பின்னர் எழுத்து நின்றுவிட்டது. சில மாதங்கள் கழித்துச் சுவிட்சர்லாந்து நாட்டு டாவோஸ் நகரில் எஞ்சிய பகுதி எழுதப்பெற்றது.

இதில் என் மனத்தை மிகவும் கவர்ந்த செய்தி வேறொன்று. ஸ்டீவன்சனின் குடும்பம் கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர் குடும்பம். பாட்டனார், தந்தையார், பெரியப்பன்மார் எல்லாரும் ஸ்காட்லாந்தின் பாறைக் கரைகளில் விளக்கம் எழுப்பிக் கப்பல்களைக் காத்தவர்கள். அத்தகைய தந்தையார், மகன் எழுதிய கொள்ளையர் கதையைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. கதையில் வரும் பழைய மாலுமியின் பெட்டியில் என்னென்ன பொருள்கள் இருந்தன என்ற பட்டியலை அவரே உட்கார்ந்து எழுதித் தந்தார். கொள்ளைத் தலைவன் பிளிண்டின் கப்பலுக்குப் பெயரும் அவர் விருப்பப்படியே அமைந்தது. இச்செய்தியைப் பெற்றோர் கூட்டங்களில் நான் பன்முறை சொல்லியிருக்கிறேன்.

காரணம் உண்டு. “ஐயா, என் பையன் பாடப்புத்தகத்தைத் தொடுவதில்லை, கொள்ளைக்காரன் கதையையே படித்துக்கொண்டிருக்கிறான். இப்படிப் படித்தால் நாளைக்கு இவனும் என்ன ஆவான்?” என்று தந்தை ஒருவர் என்னிடம் முறையிட்டார். அவர் அச்சம் போலியன்று. நாள் முழுதும் ஆலையில் உழைத்துவிட்டு வருபவர் தம் மகன் கையில் கத்தியும் கபாலமும் அச்சிட்ட அட்டையைக் கண்டால் வேறு எவ்வாறு எண்ணுவார்? அவரிடம் நான் அந்தக் கதையைச் சொல்லலானேன். விடுதி நடத்தும் ஏழைத் தாயின் மகன் ஜிம். கப்பலிலே ஆப்பிள் பழம் எடுக்கப் பீப்பாய்க்குள் இறங்கியவன், பழம் அடியில் ஒன்றிரண்டே இருந்தமையால் உள்ளேயே அமர்ந்து சற்றுக் கண்ணயர்கிறான். வெளியே ஒருவன் வந்து பீப்பாயின்மீது சாய்கிறான். அவன் குரலைக் கேட்டதும் ஜிம்முக்கு உடல் நடுங்குகிறது. அவன் அதுகாறும் தந்தைபோல் அன்பு காட்டிவந்த சமையற்காரன் சில்வர், தங்களையெல்லாம் கொல்லச் சதி செய்துகொண்டிருக்கிறான்! இனிமையாய்ப் பேசுபவன் எல்லாம் நல்லவன் அல்லன் என்பதை ஒரு பிள்ளை கற்றுக்கொள்ளும் இடம் அது. அறநூல் ஓதி இதைக் கற்பிக்க ஒரு பருவம் வேண்டும். இங்கே ஒரு பீப்பாயும் ஒரு குரலும் போதுமாயின. தந்தையார் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். “பிறகு அந்தப் பையன் தப்பினானா?” என்று மட்டும் கேட்டார்.

அந்தச் சில்வருக்கு மரக்கால் கிடையாது என்பதை இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். இடக்கால் தொடையோடு அறுபட்டவன்; ஊன்றுகோலின் துணையால் பறவைபோல் தாவித் தாவி நடப்பவன். கண்ணை மறைக்கும் துணியும் அவனுக்கு இல்லை. மரக்காலும் கண்துணியும் பின்வந்த ஓவியர்களும் திரைப்படக்காரர்களும் சேர்த்த அணிகலன்கள். ஆனால் கிளி மெய். அது நூலிலேயே உண்டு. அக்கிளியின் வரலாற்றைச் சில்வர் கூறும் இடத்தைக் கூர்ந்து படியுங்கள். மலையாளக் கரையையும் கண்ட கிளியாம்! கோவாவிலிருந்து புறப்பட்ட அரசப் பிரதிநிதியின் கப்பலைக் கொள்ளையிட்டபோதும் அது உடன் இருந்ததாம்! ஸ்டீவன்சன் இதைக் கற்பனையாகச் சேர்த்துவிடவில்லை. கோவாவின் போர்த்துகீசியப் பிரதிநிதி தாயகம் திரும்பிய கப்பலைக் கொள்ளையர் 1721-இல் ரீயூனியன் தீவருகே கைப்பற்றியது வரலாற்றில் நடந்தது. உலகச் சிறுவர் அனைவரும் அறிந்த அந்தக் கிளி நம் கடற்கரையின் உப்புக் காற்றை உண்ட கிளி என்பதை நம் பிள்ளைகளே அறியார்.

கடற்கொள்ளையர் வரலாற்றின் பெரிய நிகழ்ச்சிகள் பல நம் நாட்டுக் கடலில் நிகழ்ந்தவை. 1695-ஆம் ஆண்டு மக்கா யாத்திரை முடித்துச் சூரத்துக்குத் திரும்பிய ‘கஞ்ச்-இ-சவாய்’ என்னும் ஔரங்கசீப்பின் பெருங்கப்பலை ஹென்றி எவரி என்ற ஆங்கிலேயன் தாக்கினான். அள்ளிச் சென்ற பொருள் ஒருபுறம் இருக்க, அக்கப்பலில் இருந்த யாத்திரிகருக்கும் பெண்டிருக்கும் இழைக்கப்பட்ட கொடுமை சொல்லுந் தரத்ததன்று. பேரரசர் சினந்து சூரத்திலிருந்த ஆங்கிலேய வணிகரைச் சிறையிட்டார். எவரியோ எங்கு சென்று மறைந்தான் என்பது இன்றுவரை வெளிப்படவில்லை. மூன்றாண்டுக்குப் பின் 1698 ஜனவரியில், கொள்ளையரைப் பிடிக்க அனுப்பப்பட்ட வில்லியம் கிட் என்ற தலைவனே கொச்சிக்கு அப்பால் வங்கத்துச் சரக்கேற்றிய கப்பல் ஒன்றைப் பிடித்தான். 1701-இல் இலண்டனில் அவனைத் தூக்கிலிட்டனர். முதன்முறை கயிறு அறுந்து விழுந்தான், மீண்டும் ஏற்றினர். அவன் அமெரிக்கக் கரையில் ஒரு தீவில் சிறிது பொருளைப் புதைத்து வைத்திருந்தமையால், கொள்ளையர் என்றாலே புதையல் என்ற நம்பிக்கை பரவியது. உண்மையில் கொள்ளையர் பொருளைப் புதைப்பது மிக அருமை. கிடைத்ததைப் பங்கிட்டுத் துறைமுகங்களில் செலவிட்டு அழித்தவர்களே மிகுதி. பங்கீட்டுக்கு எழுதப்பட்ட விதிகள் அவர்களிடம் இருந்தன. போரில் கையோ காலோ இழந்தவனுக்கு ஈட்டுத்தொகை இவ்வளவு என்று முன்கூட்டியே வகுத்திருந்தனர். அரசாங்கக் கப்பலில் கசையடி பட்ட மாலுமி ஏன் அந்தக் கறுப்புக் கொடியை நாடினான் என்பதற்கு இதிலே ஒரு விடை உண்டு.

இனி, தமிழுக்கு வருவோம். ‘கடற்கொள்ளையர் கதை மேல்நாட்டிலிருந்து வந்த சரக்கு, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?’ என்று கற்றவர் சிலரும் கேட்பதுண்டு. சங்ககாலச் சேர வேந்தன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், கடலிடையே ஒரு தீவில் இருந்துகொண்டு குறும்பு செய்த பகைவரை வென்று, அவர்களுடைய காவல்மரமாகிய கடம்பை வெட்டி வீழ்த்தி, அதில் முரசு செய்த செய்தியைப் பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்து போற்றுகிறது. பாடியவர் குமட்டூர்க் கண்ணனார். அப்பகைவர் மேலைக் கடலில் கலம் மறித்த கொள்ளையர் என்பது அறிஞர் பலர் துணிபு. அதற்கு அரண் செய்வதுபோல், கி.பி. 79-இல் மறைந்த உரோம நாட்டுப் பிளினி, முசிறித் துறைமுகத்துக்கு அருகே கொள்ளையர் உறைவதால் அது இறங்கத் தக்க இடம் அன்று என எழுதிவைத்தார். உரோமக் கப்பல்கள் வில்வீரரை ஏற்றிக்கொண்டு வந்த செய்தியையும் அவரே தருகிறார். மிளகு வாங்க வந்தவன் வில்லாளனையும் கூட்டிவர வேண்டியிருந்த கடல் அது! கீழைக் கரையில் நம் கடலூருக்கு வடக்கே இருக்கும் அரிக்கமேட்டிலும் உரோமர் சரக்கு இறங்கியது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து கண்ட மட்கலங்கள் அதற்குச் சான்று.

தற்கால எழுத்தில் கடலைத் தமிழ் வாசகருக்கு மீட்டுத் தந்தவர்கள் என இருவரைச் சொல்லலாம். கல்கி 1950-இல் தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னில் கோடிக்கரையும் கலங்கரை விளக்கமும் பூங்குழலியின் படகும் வருகின்றன. ‘புதையல் தீவி’லே ஜிம்மின் தாயைத் தவிரப் பெண்பாத்திரம் ஒன்றுமே இல்லை, சிறுவன் லாயிடு விதித்த நிபந்தனையாம் அது! இங்கோ, புயலிலும் தனியே துடுப்புப் போட்டு ஈழத்துக்குச் சென்று திரும்புபவள் ஒரு பெண். என் மாணவியர் பூங்குழலியைப் பற்றிப் பேசும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் ஒளியைக் கண்டவன் நான். மற்றொருவர் சாண்டில்யன். குமுதம் இதழில் அவருடைய ‘கடல் புறா’ வாரந்தோறும் வந்த காலத்தை மூத்த நேயர்கள் நினைவுகூர்வர். கருணாகரத் தொண்டைமான் வரலாற்றில் கலிங்கப் போரை நடத்திய தளபதி. செயங்கொண்டார் பரணி பாடிச் சிறப்பித்தவன். அவனைச் சாண்டில்யன் இளையபல்லவனாக்கிக் கடலுக்கு அனுப்புகிறார்; அகூதா என்ற சீனக் கொள்ளைத் தலைவனிடம் கப்பற்போரைக் கற்றுக்கொள்ளச் செய்கிறார்; கொள்ளைக்காரன் என்ற பெயரையே அவன் கவசமாக அணிந்து திரிகிறான். காற்றின் திசை, பாயின் விரிப்பு, கப்பலின் வளைவு ஆகியவற்றை அவர் விளக்கும் பக்கங்கள் சிறந்தவை. பெண்டிரின் வருணனை வரும் பக்கங்கள் அளவுக்கு மிஞ்சியவை; பள்ளி நூலகத்துக்கு அவற்றை நான் பரிந்துரைத்ததில்லை. கல்லூரி மாணவர் தாமே தேர்ந்து படிக்கலாம்.

இவற்றோடு, 1972-இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ் போன்ற சித்திரக்கதைகளையும் சேர்க்க வேண்டும். நான் பள்ளியில் படித்த காலத்தில் அவை கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்தே என்னிடம் வந்து சேரும். முகமூடி வீரன் வேதாளனின் முன்னோன், தன் தந்தையைக் கொன்ற கடற்கொள்ளையரை ஒழிப்பேன் என்று 1536-ஆம் ஆண்டில் சபதம் செய்ததாகக் கதை. அமெரிக்கரான லீ ஃபாக் 1936-இல் படைத்த அக்கதையில் கொள்ளையர் கூட்டத்துக்குச் சூட்டிய பெயரோ சிங்! அக்காலத்தில் இது எங்களுள் யாருக்கும் உறுத்தவில்லை. நம்மைப் போன்ற நிறத்தவன் கொள்ளையன், வெள்ளைத் தோலன் காவலன் என்ற பாகுபாட்டைப் படத்தோடு சேர்த்தே விழுங்கினோம்.

இங்கேதான் மாணவர்கள் சிந்திக்க வேண்டிய இடம் வருகிறது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு நாள் என்னிடம் வந்து வினவினான்: “ஐயா, ‘ஜலதீப’த்திலே கனோஜி ஆங்கரே கடற்படைத் தலைவர் என்று இருக்கிறது. ஆங்கிலப் புத்தகம் ஒன்றிலே அவரைக் கொள்ளைக்காரர் என்று எழுதியிருக்கிறார்கள். எது சரி?” ‘ஜலதீபம்’ சாண்டில்யனின் மற்றொரு நாவல், இதயசந்திரன் என்னும் தமிழ் இளைஞன் ஆங்கரேயின் கடற்படையில் சேர்ந்து போர்புரியும் கதை. வினாவைக் கேட்டு நான் மகிழ்ந்தேன். விடையை ஒரே சொல்லில் கூறவில்லை, கூறவும் இயலாது.

ஆங்கரே மராட்டிய அரசின் கடற்படைத் தலைவர். அலிபாகுக்கு அருகே கடலிடையே எழுந்த கொலாபாக் கோட்டை அவருடைய இருக்கை. கொங்கணக் கடலில் செல்லும் கலங்கள் தம்மிடம் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்றார். பெறாத கலங்களைப் பிடித்தார். 1712-இல் பம்பாய் ஆளுநரின் படகையே பிடித்தார். கும்பினியார் அவரைக் கொள்ளைக்காரர் என்றனர். ஆனால் சீட்டு முறையை அவரா கண்டுபிடித்தார்? அவருக்கு இருநூறு ஆண்டுக்கு முன்பே போர்த்துகீசியர் ‘கர்த்தாஸ்’ என்ற சீட்டை இந்தியக் கடலில் புகுத்தி, அதனைப் பெறாத கலங்களைப் பறித்தும் எரித்தும் வந்தனர். அதற்குச் சட்டம் என்று பெயர். அந்தச் சீட்டுக்கு அடங்காமல் கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கொடியின்கீழ்ப் போரிட்ட குஞ்ஞாலி மரைக்கார்களுக்குக் கொள்ளையர் என்று பெயர். நால்வர் அப்பட்டம் தாங்கினர். நான்காமவர் சாமூதிரியோடு பிணக்குற்று, சாமூதிரியும் போர்த்துகீசியரும் ஒன்றுசேர்ந்து முற்றுகையிட, 1600-இல் உயிருக்கு உறுதி பெற்றுக் கோட்டையை ஒப்படைத்தார். உறுதி காற்றில் பறந்தது. அவரைக் கோவாவுக்குக் கொண்டுசென்று கொன்றனர். மரைக்காயர் என்னும் பெயர் நம் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டைத் தெருக்களில் இன்றும் வழங்குகிறது. அங்கிருந்து வந்த என் மாணவர்கள் குஞ்ஞாலியின் வரலாற்றை நான் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தனர்.

ஆங்கரே 1729-இல் மறைந்தார். அவர் மகன் துளாஜியின் விஜயதுர்க்கக் கோட்டையை 1756 பிப்ரவரியில் அட்மிரல் வாட்சனும் இராபர்ட் கிளைவும் தாக்கினர். அவர்களோடு பேஷ்வாவின் மராட்டியப் படையும் கரைவழியே சேர்ந்திருந்தது. கோட்டை விழுந்தது. பத்து லட்ச ரூபாய் அளவில் கிடைத்த பொருளை ஆங்கிலேயர் தமக்குள்ளேயே பங்கிட்டுக்கொண்டனர்; உடன் வந்த மராட்டியருக்குப் பங்கு இல்லை. அப்பங்கீட்டின் விகிதத்தைப் புறப்படுமுன்பே பேசி வைத்திருந்தனர் என்பதையும் மறவாதீர்கள். கொள்ளையரின் விதிமுறைகளைப் பற்றிச் சற்றுமுன் சொன்னேன் அல்லவா? கோட்டையைப் பிடித்த கிளைவ் அங்கிருந்து எங்கே வந்தார்? நம் கடலூருக்கு! தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டைத் தலைமையை ஏற்க வந்தார். அடுத்த ஆண்டு பிளாசிப் போர்.

ஆங்கரே செய்தவை எல்லாம் அறம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் கலங்கள் பிடித்த கப்பல்களிலும் ஏழை மாலுமிகள் இருந்தனர்; அவர்களுக்கும் வீடும் மக்களும் இருந்தனர். மாணவனிடம் நான் கூறியது இதுவே: “‘கொள்ளையன்’ என்ற சொல்லைப் படிக்கும்போது, அதை எழுதியவன் எந்தக் கப்பலில் நின்றுகொண்டு எழுதினான் என்று பார்.” விடுதலை பெற்ற இந்தியா தன் எண்ணத்தைத் தெரிவித்துவிட்டது. மும்பையில் உள்ள நம் கடற்படைத் தளங்களுள் ஒன்றுக்கு ‘ஆங்கரே’ என்றும், மற்றொன்றுக்குக் ‘குஞ்ஞாலி’ என்றும் பெயர் சூட்டியிருக்கிறது.

கொள்ளையனைப் பழங்காலத்துப் பொருளாகவே கருதும் மயக்கமும் மாணவரிடம் உண்டு. 2008-ஆம் ஆண்டு முதல் சோமாலியாக் கரையை ஒட்டிய கடலில் கொள்ளையர் கப்பல்களைப் பிடித்து மீட்புப்பணம் கேட்டு வந்தனர். அவ்வாண்டு அக்டோபர் முதல் நம் கடற்படைக் கலங்கள் ஏடன் வளைகுடாவில் காவல் புரிகின்றன. ‘அஸ்பால்ட் வெஞ்சர்’ என்ற கப்பல் 2010-இல் பிடிபட்டது. மறு ஆண்டு பணம் பெற்றுக் கப்பலை விட்டனர். ஆனால் இந்திய மாலுமியர் எழுவரை விடவில்லை. அவர்கள் 2014 அக்டோபரில்தான் விடுதலை பெற்றனர். நான்கு ஆண்டுகள்! வீட்டிலே தாயும் மனைவியும் எண்ணிக் கழித்த நாள்கள் எத்தனை! 2008 நவம்பரில் நம் ‘தாபர்’ போர்க்கப்பல், தன்னை எதிர்த்த கொள்ளையர் கலம் ஒன்றை மூழ்கடித்தது. பின்னர் அது கொள்ளையர் கைப்பற்றியிருந்த தாய்லாந்து மீன்பிடிக் கலம் என்றும், மீனவரும் அதில் சிறைப்பட்டிருந்தனர் என்றும் தெரியவந்தது. 2024 மார்ச்சில் ‘கொல்கத்தா’ போர்க்கப்பல் ‘ரூவென்’ என்ற சரக்குக் கப்பலை மீட்டபோது கொள்ளையர் 35 பேரும் சரணடைந்தனர். மாலுமியர் 17 பேரும் உயிரோடு மீண்டனர். கதையிலே பீரங்கி முழங்கினால் கைதட்டுகிறோம். கடலிலே முழங்கினால் எதிர்க்கலத்தில் யார் கட்டுண்டு கிடக்கிறார் என்பது தெரியாது. 2022-இல் நம் நாடாளுமன்றம் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் இயற்றியது. சட்டம் பயிலும் கல்லூரி மாணவர்கள் அதனைப் படித்துப் பார்க்கலாம். கொள்ளை என்பதற்கு அது தரும் இலக்கணம், நாம் இதுவரை பேசிய வினாவோடு நெருங்கிய தொடர்புடையது.

எந்த வகுப்பில் எதைப் படிப்பது என்று கேட்பார் உளர். எட்டாம் வகுப்பில் ‘புதையல் தீ’வின் சுருக்கம் போதும், உயர்வகுப்பில் முழு நூலையும் ஆங்கிலத்திலேயே படிக்க முயலுங்கள். மாலுமிச் சொற்கள் புரியவில்லை என்று நின்றுவிடாதீர்கள். ஜிம்முக்கும் முதல் நாள் அவை புரிந்திருக்க மாட்டா. ‘பொன்னியின் செல்வன்’ விடுமுறைக்கு ஏற்றது. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாற்றில் இராசேந்திரன் 1025-இல் கடாரத்தின்மேல் கடற்படை செலுத்திய பகுதியைப் படித்துவிட்டுக் ‘கடல் புறா’வைத் தொடுங்கள், எங்கே வரலாறு முடிகிறது, எங்கே கற்பனை பாய் விரிக்கிறது என்பது தானே விளங்கும்.

ஒரு குறை மட்டும் என் மனத்தில் உண்டு. இத்தனை செல்வம் நம் கரையில் கொட்டிக் கிடக்க, பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரே மூச்சில் படிக்கத்தக்க குஞ்ஞாலி கதையோ, கடலூர்க் கோட்டைக் கதையோ என் மாணவர் கையில் நான் கண்டதில்லை. எழுதுவோர் முதியோருக்கே எழுதுகின்றனர். கதைக்குப் பொருள் வேண்டும் என்றால் நெடுந்தொலைவு போக வேண்டா.

நெல்லிக்குப்பத்தில் இரயில் ஏறினால் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கலாம். அங்கிருந்து தேவனாம்பட்டினம் அருகில்தான். கெடிலம் கடலை நெருங்கும் இடத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் எச்சங்கள் நிற்கின்றன. 1690-இல் அக்கோட்டையை ஆங்கிலக் கும்பினி, செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கிற்று. எலிகு யேல் அப்போது சென்னை ஆளுநர். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? பீரங்கிக் குண்டு போய் விழும் தொலைவு எவ்வளவோ, அவ்வளவும் சேரும் என்பது ஒப்பந்தம்! நிலம் அளக்கச் சங்கிலி கொண்டு வரவில்லை. சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகத் தேர்ந்து கொண்டுவந்தனர். 1690 செப்டம்பரில் நாற்றிசையும் சுட்டனர். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் எல்லாம் கும்பினியின் ஊர்களாயின. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நிலைத்தது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அக்கோட்டையைப் பிடித்துத் தகர்த்தான்.

என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு கட்டுரைப் பயிற்சி கொடுப்பேன். 1690-ஆம் ஆண்டு, ஒரு நாள் காலை. கடலூருக்குப் புறத்தே ஒரு வயல். களை பறிக்கும் தாய்க்குக் கஞ்சிக் கலயம் கொண்டுவந்த சிறுமி ஒருத்தி வரப்பில் நிற்கிறாள். கடற்பக்கம் இடி போன்ற ஓர் ஓசை கேட்கிறது. வானத்திலோ மேகம் இல்லை. சற்றைக்கெல்லாம் சேறு தெறிக்க இரும்புக் குண்டு ஒன்று அவர்கள் வயலில் வந்து விழுகிறது. அவள் அருகே சென்று அதைத் தொடுகிறாள், சூடாக இருக்கிறது. இதற்குமேல் நீங்கள் எழுதுங்கள்.